ஜாங்கோ லாகினும் பாஸ்வேர்டு ரீசெட்டும்: ஆம்பூர் ஷூ யூனிட்டுகளில் சில வருட அனுபவம்

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர் (மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்காக ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் நடத்துகிறோம். காலையில் வெட்டிய தோல் எத்தனை ஜோடிக்கு வந்தது, சாயங்காலம் எத்தனை ஜோடி தைத்துத் திரும்பிப் போனது, சலான் எண் என்ன, இவ்வளவுதான் அதன் வேலை. எழுதியது ஜாங்கோவில், பைத்தான் மொழியில் வெப் அப்ளிகேஷன் கட்ட உதவும் கட்டமைப்பு அது. லாகின், பாஸ்வேர்டு இரண்டுக்கும் அதனோடு வரும் வசதியையே ஆரம்பம் முதல் வைத்திருக்கிறோம். ஜாங்கோ பதிப்பு 3.2-இல் தொடங்கி, 4.2 வழியாக இப்போது 5.2. நிரல் பக்கம் பெரிய குறை எதுவும் இல்லை. தலைவலி எல்லாம், அந்த மெயில் ஐடி யாருடையது என்பதில்தான்.

முதலில் நிம்மதியான விஷயங்கள். ஜாங்கோ பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல் ஹேஷ் ஆக்கித்தான் (திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றித்தான்) வைக்கிறது. அதைக் கணக்கிடும் சுற்றுகள் 3.2-இல் 2,60,000, 4.2-இல் 6,00,000, 5.2-இல் 10,00,000. பதிப்பை மாற்றியபின் ஒருவர் முதல்முறை லாகின் செய்யும்போது அவருடைய பழைய ஹேஷ் தானாகப் புது கணக்குக்கு மாறிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். 5.0-க்குப் பிறகு லாக்அவுட் வெறும் லிங்க்காக இருந்தால் வேலை செய்யாது, போஸ்ட் ஃபார்ம் (பட்டனை அழுத்தி அனுப்பும் படிவம்) வேண்டும். டெம்ப்ளேட்டில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான்.

ஒருமுறை லாகின் செய்தால் தொடரும் செஷன் இயல்பாக இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். கேட் பக்கத்தில் ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் தொடும் இடத்துக்கு அது சரிப்படாது. ஒரு ஷிப்ட் அளவுக்குக் குறைத்துவிட்டோம்.

இனி ரீசெட். ஜாங்கோ இதற்கென்று தனி டேபிள் எதுவும் வைப்பதில்லை. பயனரின் ஐடி, இப்போதைய பாஸ்வேர்டு ஹேஷ், கடைசியாக லாகின் செய்த நேரம், மெயில் ஐடி, கேட்ட நேரம் எல்லாம் சேர்ந்துதான் ரீசெட் லிங்க்கில் வரும் டோக்கன் (ரகசியக் குறியீடு) உருவாகிறது. பாஸ்வேர்டு மாறினால் டோக்கன் செத்துவிடும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பயனர் இடையில் ஒருமுறை லாகின் செய்தாலும் செத்துவிடும். எங்களுக்கு வந்த போன்களில் பாதி இதனால்தான். சூப்பர்வைசர் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பட்டனை அழுத்துவார். மெயில் வருவதற்குள் பழையது ஞாபகம் வந்து உள்ளே போய்விடுவார். மதியம் மெயிலைப் பார்த்து லிங்க்கைத் தொட்டால், "அண்ணே, லிங்க் செல்லாதுன்னு வருது" என்று போன் வரும். பாதுகாப்புக்கு இது சரியான ஏற்பாடுதான், கழற்றிப் போட வேண்டிய விஷயம் இல்லை. அந்தப் பிழைப் பக்கத்தில் மட்டும் தமிழில் காரணத்தை எழுதி வைத்தோம்: "இடையில் நீங்கள் உள்ளே நுழைந்திருந்தால் இந்த லிங்க் வேலை செய்யாது. தேவைப்பட்டால் புதிதாகக் கேளுங்கள்." போன்கள் குறைந்தன.

பெரிய சிக்கல் அடுத்தது. இங்கே நிறைய யூனிட்டுகளில் மெயில் ஐடி ஒன்றுதான் இருக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் முதலாளி பாயின் மகனாகவோ கணக்குப் பிள்ளையாகவோ இருப்பார். எல்லா சூப்பர்வைசர் கணக்குக்கும் அதே ஐடியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். ஜாங்கோவின் இயல்பான யூசர் மாடல் (பயனர் விவரங்களை வைக்கும் அமைப்பு) இதைத் தடுக்காது. ஒருவர் ரீசெட் கேட்டால், அந்த மெயில் ஐடி உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மெயில் போகும். தலைப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. எந்தக் கணக்கு என்பது உள்ளே ஒரு வரியில் மட்டும் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? மேலே இருக்கும் லிங்க்கைத் தொட்டு, அடுத்தவர் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: அந்த இன்பாக்ஸைத் திறக்க முடிந்தவர் எந்தக் கணக்கிலும் நுழையலாம், ஜோடிக்கு என்ன ரேட் என்று காட்டும் பக்கம் உட்பட.

முதல் நாளே சொந்த யூசர் மாடல் வைத்துத் தொடங்கியது இங்கே கைகொடுத்தது. பாதி வழியில் மாடலை மாற்றுவது பெரும் பாடு. மெயில் ஐடி ஒருவருக்கு ஒன்றுதான், இல்லாதவர்களுக்குக் காலியாக இருக்கட்டும் என்று வைத்தோம். காலி ஆட்களுக்கு மெயில் ரீசெட் கிடையாது. யூனிட் மேனேஜர் ஆளை நேரில் பார்த்து, தற்காலிகப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பார். முதல் லாகினிலேயே அதை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வசதி ஜாங்கோவில் இல்லை. மாடலில் ஒரு ஃபீல்டும் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் அதைச் சரிபார்க்கும் ஒரு சிறு மிடில்வேரும் நாமே எழுத வேண்டும். பாஸ்வேர்டு மாறியதும் அந்த ஆளின் பழைய செஷன்கள் எல்லாம் தானாக அறுந்துவிடும். தீபாவளி போனஸ் வாங்கியதும் பக்கத்து யூனிட்டுக்குத் தாவும் ஊர் இது, அதனால் இந்த வசதி ரொம்பப் பிடித்தது. ஆள் போய்விட்டால் கணக்கை அழிக்காமல் செயலற்றதாக்கினாலே போதும், லாகினும் நடக்காது, ரீசெட் மெயிலும் போகாது.

எஸ்எம்எஸ் ஓடிபி வைக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புபவர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சின்ன ஆட்களுக்கு அந்தக் காகித வேலையே ஒரு சுமை. அதைவிட, ஆஃபர் பார்த்து சிம் மாற்றுபவர்கள் இங்கே அதிகம். விட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகலாம். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

மெயில் போய்ச் சேருவது தனிக் கதை. 2022 மே இறுதியிலிருந்து சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுத்து அப்ளிகேஷன் மூலம் மெயில் அனுப்ப முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். பிறகு சொந்த டொமைனுக்கு மாறினோம், மெயில் நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் சரியாகப் போட்டு. முதலில் எடுத்த மெயில் சேவையில் (பெயர் வேண்டாம்) சில நாள் மெயில் அரை மணி நேரம் கழித்து வரும். ரீசெட் லிங்க் இயல்பாக 3 நாள் செல்லும். நாங்கள் அதை ஒரு மணி நேரமாக்கியிருந்ததால் அந்தத் தாமதம் நன்றாகவே கடித்தது. சேவையை மாற்றினோம், ஒரு மணி நேரத்தை மாற்றவில்லை.

ஷூ வாங்கும் கம்பெனிகளின் ஆடிட் பட்டியலில் '90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றம்' என்று ஒரு வரி அடிக்கடி வரும். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017 வழிகாட்டியில் அது வேண்டாம் என்றுவிட்டது. அதைக் காட்டினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

தவறான முயற்சிகளை எண்ணித் தடுக்கும் வேலையை ஜாங்கோ செய்யாது. அதற்கு ஜாங்கோ ஆக்ஸஸ் (django-axes) என்ற துணைத் தொகுப்பைப் போட்டிருக்கிறோம். போடுபவர்கள் இதைக் கவனியுங்கள்: இயல்பாக அது ஐபி முகவரியை வைத்துத்தான் பூட்டும், வரம்பு 3. யூனிட் முழுக்க ஒரே பிராட்பேண்ட், வெளியே தெரிவது ஒரே ஐபி. காலை ஷிப்ட்டில் ஒருவர் மூன்று முறை தப்பாக அடித்தால் மொத்த யூனிட்டும் வெளியே நிற்கும். பயனர் பெயரையும் ஐபியையும் சேர்த்துப் பூட்டும்படி மாற்றி, அரை மணி நேரத்தில் தானாகத் திறக்கும்படி வையுங்கள். அந்த நேரத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் பூட்டு தானாகத் திறக்காது.