ஆர்கிட்டுக்கு எந்தத் தண்ணீர்: போரா, ஆர்.ஓ.வா, மழையா?

சென்னை மொட்டைமாடிகளில் டென்ட்ரோபியம் வகை ஆர்கிட் வளர்ப்பவர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே பி.எச்.சில், அதாவது தண்ணீரின் அமில-கார அளவில், வந்து நிற்கும். போர் தண்ணீர் 7.8 காட்டுகிறது, எலுமிச்சை பிழியலாமா என்று ஒருவராவது கேட்பார். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல என்பது என் உறுதியான கருத்து. கரைந்திருக்கும் உப்பையும், குறிப்பாக பைகார்பனேட்டையும் பாருங்கள்.

நம் போர் தண்ணீரில் பல இடங்களில் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 500-க்கு மேல்; கடலோரத்தில் ஆயிரத்தையும் தாண்டும். அதில் நிறைய இருக்கும் பைகார்பனேட், ஊற்றும் அமிலத்தை விழுங்கிவிடும். எலுமிச்சையோ வினிகரோ சேர்த்தால் மீட்டர் இறங்கும். ஆனால் சில நாளில் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றுவிட, பி.எச். திரும்ப ஏறும். உப்பு அப்படியே இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் கருகிய வேர்நுனியும் அதன் அடையாளங்கள். சாஃப்ட்னர் தண்ணீர் இதைவிட மோசம், கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைத் தருகிறது.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் இந்த உப்பில் பெரும்பகுதியை நீக்கிவிடும். யு.வி., யு.எஃப். மட்டும் உள்ள மெஷின்கள் கிருமியைப் பார்த்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. சில ஆர்.ஓ. மெஷின்களில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலப்பதால், டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை சோதிப்பது நல்லது. கழிவுக் குழாயில் வரும் தண்ணீர் ஆர்கிட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சுத்தமான தண்ணீருக்குப் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி இல்லை. மீட்டர் அலைபாயும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உரம் கரைத்த பிறகு அளந்து, 5.5 முதல் 6.5-க்குள் இருந்தால் போதும்.

ஆர்.ஓ.வின் உண்மையான குறை கால்சியம் இல்லாததுதான். கடையில் கிடைக்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து) உரத்திலும் அது கிடையாது. இரண்டையும் மட்டுமே நம்பினால் புதுத் தளிரின் நுனி கருக்கும். லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் ஒரு வாரம், அதே அளவு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) அடுத்த வாரம் என்று கொடுக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆர்கிட் உரக் கலவையில் கிணற்றுத் தண்ணீருக்கு 19-4-23, ஆர்.ஓ.வுக்கும் மழைநீருக்கும் கால்சியம் கூடிய 13-3-15 என்று இரண்டு வகை இருப்பதும் இதனால்தான்.

மழைத்தண்ணீரோ மரத்தில் தொற்றி வளரும் செடிக்கு இயற்கை கொடுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் பி.எச். சுமார் 5.6. நூறு சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர்! முதல் மழையை விட்டுவிட்டு பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். சிமெண்ட் தொட்டி பி.எச்.சை ஏற்றும். கொசு புகாத மூடி கட்டாயம். கால்சியம் இதற்கும் தேவை. ஏசி தண்ணீரிலும் உப்பு குறைவுதான், ஆனால் தூசியும் செம்புக் குழாயின் துகளும் கலக்கலாம் என்பதால் அவசரத்துக்கு மட்டும்.

என் தேர்வு கலவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர். டிரம் காலியானதும், 800 டி.டி.எஸ். போர் தண்ணீர் ஒரு பங்குக்கு 40 உள்ள ஆர்.ஓ. மூன்று பங்கு. கலவை 230-இல் நிற்கும், கால்சியமும் கொஞ்சம் கிடைத்துவிடும். போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறதென்றால் கலக்காதீர்கள்; அங்கே ஆர்.ஓ.வும் கால்சியம் நைட்ரேட்டும்தான் வழி. எதை ஊற்றினாலும், தேங்காய் மட்டைத் துண்டு உப்பைப் பிடித்து வைப்பதால் மாதம் ஒருமுறை உரமில்லாத மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ தாராளமாக ஊற்றி, அடியில் வழிய விடுங்கள்.