மொட்டைமாடி அறையும் அறுந்து அறுந்து வந்த லேன் இணைப்பும்: பதினெட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. இணையப் பெட்டி கீழ்த்தளத்தில் அம்மாவின் அறையில் உள்ளது. நான் வேலை செய்வதோ மொட்டைமாடி அறையில். இடையில் இரண்டு கான்கிரீட் தளங்கள் இருப்பதால் வைஃபை மேலே வந்து சேருவதற்குள் ஓய்ந்துவிடும். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்களைத் தயாரித்துப் பதிவேற்றுவது என் தொழில். பாதிப் பதிவேற்றத்தில் இணைப்பு அறுந்தால் மறுபடியும் உள்நுழைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் வெளிச்சுவர் வழியாக லேன் கேபிள், அதாவது கம்பிவழி இணையத்துக்கான கேபிள், இழுத்து மடிக்கணினியில் நேராகச் செருகியிருந்தேன். 2023 அக்டோபரில் அந்த இணைப்பே விட்டுவிட்டு வரத் தொடங்கியது.

முதல் இரண்டு மாதங்களை வீணாக்கினேன் என்றே சொல்ல வேண்டும். சேவை நிறுவனத்திடம் புகார் செய்தேன், பெட்டியை மாற்றிக் கொடுத்தார்கள், தொல்லை தொடர்ந்தது. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு அது இன்னும் மோசமானது. அப்போதுதான் கோளாறு வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்ற கேள்வியை முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். கமாண்ட் விண்டோ இரண்டைத் திறந்து, ஒன்றில் வீட்டுப் பெட்டியின் முகவரியான 192.168.1.1-க்கும், மற்றதில் வெளியுலக முகவரியான 8.8.8.8-க்கும் இடைவிடாமல் பிங் ஓடவிட்டேன்; ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. வெளியே மட்டும் பதில் நின்றால் குறை சேவைத் தரப்பில் இருக்கலாம். வீட்டுப் பெட்டியிலிருந்தே பதில் நின்றால், குறை பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் நடுவில்தான். ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றாகவே நின்றன. பல வாரப் புகாரும் அலைச்சலும் செய்யாததை அந்தப் பத்து நிமிடச் சோதனை செய்தது.

அதன் பிறகு ஒவ்வொரு அறுபடலின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதினேன். நான் பார்க்காத நேரத்துக்கு விண்டோஸின் ஈவென்ட் வியூயர் துணை நின்றது. இணைப்பு அறுந்த விநாடி வரை அதில் பதிவாகியிருக்கும். மூன்று வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது இரண்டு தனித்தனி வரிசைகள் தெரிந்தன. ஒன்று, சாப்பிட எழுந்து போகும் நேரம்போல மடிக்கணினி சும்மா இருக்கும்போது மட்டும் நான்கைந்து விநாடிகள் அறுந்து தானே திரும்புவது. மற்றொன்று, பின்னிரவிலிருந்து காலை எட்டு மணி வரை, பனி இறங்கிய நாட்களில் மட்டும் வருவது; வெயில் ஏறியதும் அது அடங்கிவிடும்.

முதல் வகைக்கு அமைப்புகளில்தான் மருந்து இருந்தது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டருக்குரிய பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் கட்டத்தின் குறியை முதலில் நீக்கினேன். நான்கு நாட்கள் பார்த்தும் மாற்றமில்லை. அடுத்து அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற வசதியை நிறுத்தினேன். தரவு ஓடாத நேரத்தில் இணைப்பை அரைத்தூக்கத்தில் வைத்து மின்சாரம் சேமிப்பதற்காக 2010-ல் தரப்படுத்தப்பட்ட ஏற்பாடு அது. பொதுவாக நல்ல வசதிதான். ஆனால் சில கருவிகள் ஒன்றோடொன்று சேரும்போது, தூக்கத்திலிருந்து எழுவதில் தடுமாறி இணைப்பையே விட்டுவிடுகின்றன. அதை நிறுத்திய நாளிலிருந்து மதிய நேர அறுபடல் ஒன்றுகூட நோட்டில் ஏறவில்லை.

இங்கேதான் நான் செய்த பெரிய பிழையைச் சொல்லியாக வேண்டும். அடுத்த பத்து நாட்கள் வறண்ட வானிலையாக இருந்ததால், தொல்லை மொத்தமும் தீர்ந்தது என்று நம்பிவிட்டேன். பதினோராம் நாள் பனிக்காலையில் இணைப்பு மறுபடி அறுந்தவுடன், அந்த அமைப்பால் பயனில்லை என்று முடிவுகட்டி அதைப் பழையபடியே மாற்றிவைத்தேன். இரண்டு கோளாறுகள் ஒரே முகத்தோடு வந்தால், ஒன்றைச் சரிசெய்ததுகூடச் சரிசெய்ததாகத் தெரிவதில்லை. கடைசியில் தங்கையின் மடிக்கணினியை வாங்கி மேலே அதே கேபிளில் செருகினேன். என்னுடையதைக் கீழே கொண்டுபோய் ஒரு சிறிய கேபிளால் பெட்டியோடு இணைத்தேன். மேலே தங்கையுடையது விடியற்காலையில் மட்டும் அறுந்தது. கீழே என்னுடையது சும்மா இருந்தபோது மட்டும் அறுந்தது. ஒன்று கணினியின் குறை, மற்றொன்று வழியின் குறை என்பதில் அதற்குமேல் ஐயம் இருக்கவில்லை.

வழியைத் தேடிப் போனால், மாடிக் கைப்பிடிச் சுவரில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருந்தது. கேபிள் இழுத்தபோது நீளம் போதாமல், நடுவில் ஒரு ஜாயினர் வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே ஈரம். பின்களில் பச்சைக் களிம்பு. கம்பி முனைகளில் வெள்ளைப் பொடி. கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் வேலைக்கு வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது செம்பே இல்ல, பிளேடால சுரண்டிப் பாருங்க” என்றார். சுரண்டினால் செம்பு முலாமுக்கு அடியில் அலுமினியம் வெளுத்துத் தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை. வளைத்தால் சீக்கிரம் முறியும். வேறு உலோகத்தைத் தொட்டபடி உப்பு ஈரத்தில் கிடந்தால் விரைவில் அரித்துப்போகும். கடலோரத்து மொட்டைமாடியில் அதை ஒட்டுப்போட்டு வைப்பது எங்கள் தெருவில் சாதாரணமாகிவிட்டது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் டெஸ்டரில் பார்த்தபோது ஏழாம் எட்டாம் கம்பிகளின் விளக்குகள் மினுக்கின. இணைப்பு ஏன் வருவதும் போவதுமாக இருந்தது என்பதற்கு அதுவே விளக்கம். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். அதைப்போல் பத்து மடங்கான கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆனால் எந்த வேகத்தில் பேசுவது என்று இரு முனைகளும் ஒப்புக்கொள்ளும் பேச்சு அந்த முதல் நான்கு கம்பிகளிலேயே நடந்துவிடுகிறது. எனவே கிகாபிட் என்று ஒப்புக்கொள்வார்கள். பழுதான கம்பியால் அது கூடிவராது. அறுந்து, மறுபடி பேச்சைத் தொடங்குவார்கள். சில நாட்களில் வேகம் தானே 100-க்கு இறங்கி நிலைத்ததையும் கவனித்திருக்கிறேன். அப்போது ‘இன்று நன்றாக இருக்கிறது’ என்று நினைத்தேனே தவிர, அது அந்தப் பழுதின் இன்னொரு வடிவம் என்று புரியவில்லை.

2024 பிப்ரவரியில், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் முழுச் செம்புக் கம்பியுள்ள, வெயில் தாங்கும் கறுப்பு உறையிட்ட கேபிளாக முப்பது மீட்டர் வாங்கினேன். வெளிச்சுவரை விட்டுவிட்டு, மாடிப்படியின் உள்பக்கமாகக் குழாய்க்குள் ஒட்டே இல்லாமல் இழுத்தோம். மேல்முனை நேராக மடிக்கணினிக்குப் போகாமல் சுவரிலுள்ள ஒரு சாக்கெட்டில் முடிகிறது; அங்கிருந்து மடிக்கணினிக்கு வளையக்கூடிய சிறிய பேட்ச் கார்டு. நிலையான வழிக்கான ஒற்றைக் கம்பி அடிக்கடி வளைத்தால் உள்ளுக்குள்ளேயே முறியும்; பேட்ச் கார்டின் பல இழைக் கம்பி அதைத் தாங்கும். அமைப்பில் அந்தத் தூக்க வசதியை மீண்டும் நிறுத்தினேன்.

இன்றுவரை பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையைக் கொட்டியபோதுதான் இந்த வழிக்கு உண்மையான சோதனை வந்தது. மின்சாரம் போய் வந்ததைத் தவிர, லேன் அறுந்ததாக ஒரு பதிவும் இல்லை. இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றி வைத்துவிடுகிறேன். மின்னலின் பாய்ச்சல் கேபிள் செருகும் போர்ட்டையே எரித்துவிடலாம். விண்டோஸ் பெரிய புதுப்பிப்பு ஒன்றைப் போட்ட பிறகு அந்தத் தூக்க வசதி ஒருமுறை தானே திரும்ப இயங்கியிருந்தது. மதிய அறுபடல் நோட்டில் ஏறியவுடனேயே காரணம் புரிந்ததால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. போன மாதம் பேட்ச் கார்டு பிளக்கின் கொக்கி உடைந்து ஆடத் தொடங்கியதால், வேறு கார்டு மாற்றியிருக்கிறேன்.