கேபிளா, பேட்டரியா: அளவு கொடுத்துச் செய்யும் சைக்கிளுக்கு எந்த கியர்?

கடையில் வாங்கும் சைக்கிளில் என்ன கியர் இருக்கிறதோ அதோடு ஓட்டப் பழகிக்கொள்கிறோம். அளவு கொடுத்துச் செய்யும் ஸ்டீல் ஃபிரேமில் அப்படி விட முடியாது. குழாயில் எங்கே துளை போடுவது, கேபிளின் வெளியுறை முட்டி நிற்கும் கேபிள் ஸ்டாப்பை எங்கே வைப்பது என்று பற்றவைக்கும் முன்பே ஃபிரேம் செய்பவர் கேட்பார். கேபிள் கியரா, எலக்ட்ரானிக் கியரா என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். இங்கே அலசுவது பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போன்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கான வண்டியை: 1,200 கி.மீ. தூரம், 90 மணி நேர வரம்பு, டிராப் ஹேண்டில்பார், மட்கார்டு.

கேபிள் கியர் மக்கர் செய்தால் பலர் உடனே, செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் டீரெய்லியரின் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது கேபிளில். பெரிய பல்சக்கரத்துக்குச் சரியாக ஏறி, சிறியதற்கு இறங்கத் தயங்கினால் உராய்வு என்று அர்த்தம். ஏற்றும்போது கையின் பலம் இழுக்கிறது, இறக்கும்போது டீரெய்லியரின் ஸ்பிரிங் மட்டுமே இழுக்க வேண்டும். கேபிளின் வெளியுறையான 4 மி.மீ. அவுட்டரை வெட்டும்போது முனை நசுங்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் மூடிக்கொள்வது இதற்கு வழக்கமான காரணம். கூரான ஊசியால் குழலைத் திறந்துவிட்டு, வெட்டிய முகத்தை அரத்தால் சமமாக்கி, அதன் பிறகுதான் முனைத் தொப்பி மாட்ட வேண்டும். டீரெய்லியரில் கேபிளைப் பிடிக்கும் போல்ட்டுக்கு, கியர் செய்யும் நிறுவனமான ஷிமானோ சொல்லும் இறுக்கம் 6–7 நியூட்டன் மீட்டர்.

இதைவிட ஆபத்தானது கியர் மாற்றும் லீவருக்குள் நடக்கிறது. உறைக்குள் ஓடும் 1.2 மி.மீ. கம்பியான இன்னர் அங்கே சிறிய உருளை ஒன்றைச் சுற்றித் திரும்புகிறது. கம்பியின் முனையில் உள்ள தலைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக அறும், வெளியே ஒன்றும் தெரியாது. நேற்று செய்த டியூனிங் இன்று நிற்கவில்லை, அட்ஜஸ்டரைத் தினமும் திருக வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் எச்சரிக்கை. முழுதாக அறுந்தால் செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் போய் நின்றுவிடும். டீரெய்லியரின் எல்லையைக் கட்டுப்படுத்தும் ‘எச்’ லிமிட் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ஒன்றிரண்டு பல்சக்கரம் மேலே நிறுத்தலாம், ஊர் போய்ச் சேர அது போதும். லீவருக்குள் சிக்கிய தலையை எடுக்க, லீவரைக் கடைசி சொடுக்குவரை இறக்கினால்தான் துளை நேராகத் தெரியும். 4,000–5,000 கி.மீ.க்கு ஒருமுறை இன்னரை மாற்றிவிடுவதும், பையில் ஒன்று வைத்துக்கொள்வதும் நல்லது. கியர் சைக்கிள் பார்க்கும் கடை உள்ள எந்த ஊரிலும் இந்த வேலை நடந்துவிடும்.

எலக்ட்ரானிக்கில் டீரெய்லியரை மோட்டார் நகர்த்துவதால் இந்த உராய்வுச் சங்கடம் கிடையாது. ஆனால் நெடுந்தூரத்தில் அதன் உண்மையான பயன் விரல்களுக்குத்தான். மூன்றாம் நாளில் உள்ளங்கை நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருக்கும். அந்த நிலையில் லீவரை அகலமாகத் தள்ளுவது சிரமம், பட்டனைத் தொடுவது எளிது. ஏற்கெனவே கை மரப்புத் தொல்லை உள்ளவர்கள் கூடுதல் விலை கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம். இன்னொரு லாபமும் உண்டு. மலையேற்றத்துக்கு மவுண்டன் டீரெய்லியர் வேண்டுமென்றால், ரோடு லீவர் இழுக்கும் கேபிள் நீளம் அதற்குப் பொருந்தாது, நடுவில் அடாப்டர் தேவைப்படும். ஸ்ரேம் நிறுவனத்தின் ஒயர்லெஸ் கியரான ஆக்ஸஸில் டிராப் லீவரும் ஈகிள் என்ற மவுண்டன் டீரெய்லியரும் நேரடியாக இணைந்துகொள்ளும்.

பேட்டரிக் கணக்கில் ஸ்ரேமும் ஷிமானோவும் ஒன்றல்ல. ஸ்ரேமில் டீரெய்லியருக்கு ஒரு பேட்டரி, சுமார் 60 மணி நேர ஓட்டம். விளக்கு சிவப்பானால் 15 மணிக்கும் குறைவு, சிவப்பு மினுக்கினால் 6 மணிக்கும் குறைவு. முன்னும் பின்னும் ஒரே பேட்டரிதான். பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் போட்டு ஓட்டலாம். லீவரில் சிஆர்2032 காசு பேட்டரி, அதிலும் ஒன்று கையில் இருக்கட்டும். சைக்கிளைக் காரில் ஏற்றும்போது டீரெய்லியர் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் குலுக்கலிலேயே விழித்துக்கொண்டு தீர்ந்துபோகும்.

ஷிமானோவின் எலக்ட்ரானிக் கியருக்கு டிஐ2 என்று பெயர். அதன் 12 வேக ரோடு வகையில் லீவர்களுக்கு மட்டும்தான் ஒயர் இல்லை. பேட்டரி சீட்போஸ்ட்டுக்குள் இருக்கிறது, அங்கிருந்து இரண்டு டீரெய்லியருக்கும் ஒயர் போகிறது. ஒரு சார்ஜுக்குச் சுமார் 1,000 கி.மீ. என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆகவே 1,200 கி.மீ.யில் தூங்க நிற்கும் இடம் ஒன்றில் பவர்பேங்கை மாட்டியே ஆக வேண்டும். சார்ஜ் குறைந்தால் முதலில் முன் டீரெய்லியர் நிற்கும், பிறகுதான் பின்னது. எது வாங்கினாலும், டீரெய்லியர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருந்தால் கியர் சரியாக விழாது, அதை மோட்டார் திருத்தாது.

ஃபிரேமின் ஆயுளோடு கியரின் ஆயுளை வைத்துப் பார்க்கும்போதுதான் யோசனை வருகிறது. நல்ல ஸ்டீல் ஃபிரேம் பல பத்தாண்டுகள் ஓடும். ஷிமானோவின் உச்ச வரிசையான டூரா-ஏஸில் 2009-இல் வந்த முதல் டிஐ2-வின் ஒயர் பின்னால் வந்தவற்றோடு சேராது. 11 வேக ஒயரும் 12 வேக ஒயரும்கூட அடாப்டர் இல்லாமல் சேராது. மறுபக்கம், 12 வேகத்தில் டூரா-ஏஸும் அதற்கு அடுத்த அல்டெக்ராவும் எலக்ட்ரானிக்காக மட்டுமே வருகின்றன. கேபிள் வேண்டுமென்றால் அதற்கும் கீழான 105 வரிசைக்கு இறங்க வேண்டும்.

எங்கள் தேர்வு கேபிள். கை மரப்பவர்களுக்கும் மிக இலகுவான மலைக் கியர் வேண்டுபவர்களுக்கும் ஆக்ஸஸ். எதைத் தேர்ந்தாலும், முன்பக்கச் சாய்வுக் குழாயான டவுன் டியூபிலும், பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயில் வலதுபக்கமும் கேபிள் ஸ்டாப்பும், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் கேபிள் கைடுக்கு ஒரு திருகுத் துளையும் வைக்கச் சொல்லுங்கள். ஒயர்லெஸ் பூட்டினாலும் அவை இடைஞ்சல் செய்யாது. பெயின்ட் அடித்த பிறகு சேர்ப்பதென்றால் பெயின்ட்டை எரித்துத்தான் சேர்க்க முடியும். டிஐ2 என்றால் டீரெய்லியர் பக்கம் செயின்ஸ்டேயில் ஒயர்த் துளையும், சீட் டியூபிலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்குள் வழியும் பெயின்ட்டுக்கு முன்பே வேண்டும். ஸ்ரேம் முன் டீரெய்லியரின் பேட்டரி சீட் டியூபுக்குப் பின்னால் டயரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். டயர் அகலம், மட்கார்டு அகலம் இரண்டையும் வரைபடத்தில் எழுதிக் கொடுத்து, பேட்டரிக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை மி.மீ. மிஞ்சுகிறது என்று செயின்ஸ்டே நீளத்தை உறுதி செய்யும் முன்பே கேட்டு வாங்குங்கள்.