லைசென்ஸ் எண் ஞாபகமில்லையா? எந்த வழி வேலைக்கு ஆகும், எது ஆகாது

பர்ஸோடு டிரைவிங் லைசென்ஸும் போய்விட்டது. சரி, டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசின் லைசென்ஸ் சேவைத் தளமான சாரதியைத் திறந்தால், அது முதலில் கேட்பதே லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும்தான். லைசென்ஸையும் ஆர்.சி.யையும் போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் அரசின் எம்பரிவாகன் செயலியும் எண்ணைக் கேட்கிறது, அரசு ஆவணங்களைச் சேமிக்கும் டிஜிலாக்கரும் கேட்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழி ‘தொலைந்த ஆவண அறிக்கை’யில்கூட ஆவண எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எண் இருந்தால்தான் எண் கிடைக்கும் என்கிற இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர நாலைந்து வழிகள் உண்டு. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டு லைசென்ஸை வைத்தே பேசுகிறேன். சாரதி நாடு முழுக்கப் பொது என்பதால் மற்ற மாநிலக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

தேடும் முன், எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். லைசென்ஸ் எண்ணில் முதலில் மாநிலத்தின் இரண்டு எழுத்து, அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸின் இரண்டு இலக்கம், பிறகு வழங்கிய ஆண்டு நாலு இலக்கத்தில், கடைசியில் ஏழு இலக்க வரிசை எண். மொத்தம் பதினைந்து. கே.கே. நகரில் 2006-இல் வாங்கியிருந்தால் டிஎன்09 2006 என்று தொடங்கும். பவானி மாதிரிப் பகுதி அலுவலகங்களுக்கு டிஎன்36 என்பதோடு ஓர் எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். ஆக, எங்கே, எந்த வருடம் வாங்கினோம் என்று நினைவிருந்தால் பாதி எண் கையில் இருக்கிறது. மீதி ஏழு இலக்கத்தை ஊகித்துப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது இன்னொருவருடைய பதிவில் போய் நிற்கும்.

பழைய அட்டைகளிலும் புத்தகங்களிலும் எண் சாய்வுக்கோடுகளோடு வேறு வடிவில் இருக்கும். கிடைத்த பழைய எண்ணை அப்படியே அடித்தால் தளம் ஏற்காது. ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருந்தால் நாலாக்கி (99 என்றால் 1999), வரிசை எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து ஏழாக்க வேண்டும். 4321 என்பது 0004321 ஆகும். எண் கையில் இருந்தும் ‘விவரம் இல்லை’ என்று வருவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

டிஜிலாக்கரா, எம்பரிவாகனா?

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இந்த இரண்டைத்தான். ஆனால் எண் தெரியாத நிலையில் இரண்டும் ஒன்றுதான்: லைசென்ஸ் தொலைவதற்கு முன்பே அதில் ஏற்றி வைத்திருந்தால் பயன், இல்லாவிட்டால் இல்லை. எனவே ‘நான் ஏற்றியதே இல்லை’ என்று முடிவுகட்டாமல் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தடுப்பூசிச் சான்றிதழுக்காகவோ பிள்ளையின் மார்க் ஷீட்டுக்காகவோ திறந்த டிஜிலாக்கர் கணக்கில், அன்றைக்கு யாரோ லைசென்ஸையும் சேர்த்துவிட்டிருப்பார்கள். பழைய போனில் எம்பரிவாகன் இருந்தால் அதையும் பாருங்கள்.

இவற்றின் அருமை எண் கிடைத்த பிறகுதான் தெரியும். 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்தியதிலிருந்து, டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டும் லைசென்ஸும் அட்டைக்குச் சமம். எண் கிடைத்தவுடன் அங்கே ஏற்றிக்கொண்டால், டூப்ளிகேட் அட்டை தபாலில் வரும்வரை வண்டியை வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஒரே சிக்கல், ஆதாரில் உள்ள பெயரும் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் டிஜிலாக்கர் முரண்டு பிடிக்கும்.

சாரதியில் பெயர் வைத்துத் தேடுவது

எண் இல்லாமல் அரசு தளத்தில் தேட இருக்கும் ஒரே நேர்வழி இது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் ‘மற்றவை’ என்ற பொருள்படும் பட்டியலில் விண்ணப்ப எண்ணைத் தேடும் வசதி இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ், பெயர், பிறந்த தேதி கொடுத்துத் தேட வேண்டும். காசு கிடையாது, உட்கார்ந்த இடத்தில் முடியும். கிடைப்பது விண்ணப்ப எண்ணாகவே இருந்தாலும் பரவாயில்லை. அதை வைத்து விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம், ஆபீஸில் கொடுத்தாலும் சட்டென்று எடுத்துவிடுவார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்கள்தான் இதை வதைக்கின்றன. எஸ். முருகன் என்பவரை ஆபீஸில் ‘முருகன் எஸ்’ என்று ஏற்றியிருப்பார்களா, ‘எஸ் முருகன்’ என்றா, அல்லது அப்பா பெயரை முழுதாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு ‘முருகன் சுப்பிரமணியன்’ என்றா? இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்தார்களா? ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பது இன்னொரு தலைவலி. லட்சுமி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் புரட்டினாலே தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலில் முதலில் தேடுங்கள். லைசென்ஸுக்கு வயதுச் சான்றாகப் பலரும் கொடுத்தது அதைத்தான். அது சரிவராவிட்டால் இனிஷியலை விட்டுவிட்டு வெறும் பெயரில் தேடுங்கள்.

பிறந்த தேதியிலும் இதே கூத்துதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி ஒன்று, வீட்டில் கொண்டாடுவது ஒன்று என்று இருக்கிற தலைமுறை இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறது. லைசென்ஸில் இருப்பது பெரும்பாலும் வாத்தியார் தேதி.

ஆர்.டி.ஓ. ஆபீஸைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது குடியிருக்கும் ஊரைப் போடாதீர்கள். முதலில் வாங்கிய ஊரைப் போடுங்கள். மதுரையில் வாங்கியவர் சென்னையில் புதுப்பித்திருந்தாலும் எண் மதுரையின் எண்ணாகவே இருக்கும்.

காகிதங்கள்

என்னைக் கேட்டால், சாரதியோடு மல்லுக்கட்டும் முன் அலமாரியைக் கிளறுவது மேல். ஆனால் எல்லாரும் முதலில் கிளறுவது ஆர்.சி. புக்கையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும். அவை வண்டியின் காகிதங்கள், அவற்றில் லைசென்ஸ் எண் பொதுவாக இருக்காது. எப்போதாவது வண்டி இடிபட்டு கிளெய்ம் போட்டிருந்தால் அந்த கிளெய்ம் பாரத்தில் இருக்கும். போலீஸ் ரோட்டில் நிறுத்தி லைசென்ஸை வாங்கிப் பார்த்து அபராதம் போட்டிருந்தால் அந்த ரசீதில் இருக்க வாய்ப்புண்டு. கேமரா பிடித்துப் போட்ட அபராதத்தில் வண்டி எண் மட்டும்தான்.

அடையாளச் சான்றாக ஜெராக்ஸ் கொடுத்த இடங்கள் இன்னும் நல்லவை. சிம் கார்டு, வங்கிக் கணக்கு, கோவாவில் வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டர், கம்பெனி பார்க்கிங் பாஸ். எங்கள் சித்தப்பாவின் எண் கடைசியில் கிடைத்தது பழைய வேலையிடத்தில் டூ-வீலர் பாஸுக்குக் கொடுத்திருந்த ஜெராக்ஸில்தான். கடைசி மூன்று இலக்கம் மசியில் கலங்கியிருந்தது, லென்ஸ் வைத்துப் படித்தோம். வங்கியில் கேட்டால் போனில் சொல்ல மாட்டார்கள், பாஸ்புக்கோடு நேரில் போக வேண்டும்.

போனிலும் தேடுங்கள். புகைப்படத் தொகுப்பில் ‘லைசென்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் படத்துக்குள் இருக்கும் எழுத்தையே பல போன்கள் படித்துக் காட்டிவிடும். வாட்ஸப்பில் யாருக்காவது அனுப்பிய படம், மெயிலில் இணைத்த பிடிஎஃப், லைசென்ஸ் வழங்கியபோது போக்குவரத்துத் துறையிலிருந்து வந்த குறுஞ்செய்தி என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கலாம். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தாள் கிடைத்தால் அதிலுள்ள எண்ணை லைசென்ஸ் எண் என்று நினைத்து ஏமாற வேண்டாம், இரண்டும் வேறு. அதிலுள்ள விண்ணப்ப எண்தான் நமக்கு வேண்டியது.

டிரைவிங் ஸ்கூல்

யாருக்கும் தோன்றாத வழி இது. பழகுநர்களின் விவரத்துக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதிகளே பயிற்சிப் பள்ளிகளுக்குச் சொல்கின்றன. அந்தப் பள்ளி இன்னும் நடக்கிறதென்றால், வாங்கிய வருடத்தைச் சொல்லிக் கேட்டால் நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். ஐந்தாறு வருடத்துக்குள் வாங்கியவர்களுக்கு சாரதியைவிட இதுதான் வேகம் என்பேன். இருபது வருடத்துக்கு முந்தைய நோட்டைக் கரையான் தின்றிருக்கலாம்.

நேரில் போவது

மற்றதெல்லாம் கைவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வாங்கிய வருடம், அப்போது இருந்த முகவரி ஆகியவற்றோடு போங்கள். தளத்தில் நாம் தட்டுத்தடுமாறித் தேடுவதை அவர்கள் அப்பா பெயர், பழைய முகவரி என்று பொருத்திப் பார்த்துவிடுவார்கள். முற்பகலில் எல்.எல்.ஆர்., டெஸ்ட் கூட்டம் நெரியும். கூட்டம் வடிந்த பிறகு போனால் நின்று பேசவாவது முடியும். வழங்கிய அலுவலகத்துக்கே போவது நல்லது, குறிப்பாக லைசென்ஸ் பழையதென்றால்.

வாசலில் நிற்கும் புரோக்கரிடம் கொடுத்தால்? வேலை நடக்கலாம். ஆனால் அவர் செய்யப்போவதும் மேலே சொன்ன தேடல்தான், அதற்கு உங்கள் ஆதார் ஜெராக்ஸையும் போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்பார். ஓ.டி.பி. கேட்கிற இடத்தில் நான் எழுந்து வந்துவிடுவேன். அதைவிட மோசம், ‘பெயர் போட்டால் லைசென்ஸ் எண் கிடைக்கும்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் தளங்கள். பரிவாகன் பெயரில் வாட்ஸப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை, அதாவது செயலியை நேரடியாக போனில் ஏற்றிவிடும் கோப்பைத் திறந்து வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் உண்டு. செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

கவுன்ட்டரில் ‘எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கைவிரித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேட்பது உங்களுடைய சொந்த விவரம் என்பதால் அடுத்தவர் அந்தரங்கம் என்று தட்டிக்கழிக்க இடமில்லை. விண்ணப்பத்தோடு அடையாளச் சான்றின் நகலை வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு இது உதவாது.

கையால் எழுதிய புத்தக லைசென்ஸ்காரர்கள் மேலே சொன்ன இணைய வழிகளில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். அவர்களின் பதிவு கணினியில் ஏறாமலே இருக்கலாம். அப்படியிருந்தால் வழங்கிய அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் கண்டுபிடித்து, அவர்களே சாரதியில் ஏற்றித் தர வேண்டும். ஏற்றிய பிறகுதான் டூப்ளிகேட் விண்ணப்பம் நகரும். ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.