ஆரஞ்சு பாக்கெட்டா, மெஜந்தா பாக்கெட்டா: எலும்புக்கு எது?

அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரமே வீட்டில் ஆவின் ஆரஞ்சு பால் பாக்கெட் நின்று, மெஜந்தா வந்தது. அம்மாவுக்குத் திருப்தியில்லை. "தண்ணி மாதிரி இருக்கு, இதுல எலும்புக்கு என்ன சத்து இருக்கும்?" என்று ஒவ்வொரு காபிக்கும் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆரஞ்சு ஃபுல் கிரீம், கொழுப்பு 6 சதவீதம். மெஜந்தா டபுள் டோன்டு, அதாவது கொழுப்பை நன்றாகக் குறைத்த பால், 1.5. ஆனால் கொழுப்பு நீங்கலான திடப்பொருள் (எஸ்.என்.எஃப். என்பார்களே, அது) இரண்டிலும் 9 சதவீதம். கால்சியம் இருப்பது அங்கேதான், பெரும்பகுதி பால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு. நெய்யில் கால்சியம் அநேகமாக இல்லாததற்கும் இதுதான் காரணம். எந்த பாக்கெட்டை வெட்டினாலும் 200 மில்லி டம்ளரில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். 8.5. திடப்பொருளில் நீலத்தைவிட மெஜந்தா ஒரு படி மேல் என்றேன், அம்மா நம்பவில்லை.

ஆரஞ்சுக்கும் ஒரு வாதம் உண்டு. வைட்டமின் ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பை எடுத்தால் கூடவே போய்விடும். ஆனால் பாலில் இயற்கையாக இருக்கும் டி சொற்பம்தான். பாக்கெட்டில் நீல நிற '+எஃப்' முத்திரை இருந்தால் ஏ, டி சேர்த்த பால். கொழுப்பு குறைந்த பால் வாங்குபவர்கள் அதைப் பார்த்து வாங்கலாம்.

உண்மையான தகராறு அளவில்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. அம்மாவின் இரண்டு காபியில் போகும் பால், அளந்து பார்த்தேன், 150 மில்லி. அதாவது 180 மில்லிகிராம். இதில் எந்த நிறமாக இருந்தால் என்ன?

ஒரு டம்ளருக்கு ஆரஞ்சில் 12 கிராம் கொழுப்பு, மெஜந்தாவில் 3. தினமும் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டிய, எடையும் கொலஸ்ட்ராலும் கூடியவர்களுக்கு என் ஓட்டு மெஜந்தாவுக்கே. ஒரு வயது தாண்டிய, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், சாப்பாடு குறைந்து மெலிந்துகொண்டே போகும் பெரியவர்களுக்கும் ஆரஞ்சுதான். அவர்களுக்கு அந்தக் கலோரி வேண்டும். 'லோ ஃபேட்' என்று எழுதிய பழ யோகர்ட் கப்பை வாங்கும்முன் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது காபிக்கு நீலம், ராத்திரி ஒரு டம்ளர் மெஜந்தா, காலையில் ராகிக் கஞ்சி. தயிர் மட்டும் ஆரஞ்சில்தான் உறைய வேண்டுமாம்.