சீனிக்குப் பதிலாகப் பருப்பு கேட்டோம்: எங்கள் ஊர் நியாயவிலைக் கடை

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர் நியாயவிலைக் கடையில் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்கி வருகிறேன். கடை இப்போது முன்பைவிட நன்றாக நடக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2017-இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது, அதன்பின் கைரேகைப் பதிவும் வந்தது. இவற்றால் நம் பெயரில் வேறொருவர் வாங்கிச் செல்வது பெரிதும் குறைந்திருக்கிறது. எடையிலும் எனக்குக் குறையில்லை. விற்பனையாளரான அக்கா வயதானவர்களை வரிசையில் நிற்க விடாமல் உட்கார வைத்துப் பொருள் கொடுப்பார். ரேகை விழாத முதியவர்களுக்கு அலுத்துக்கொள்ளாமல் மூன்று, நான்கு முறை முயன்று பார்ப்பார். புழுங்கல் அரிசி நன்றாக இருக்கும் மாதங்களில் நாங்கள் அதையே சமைக்கிறோம். 2023-இல் அதில் செறிவூட்டிய அரிசியும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து வரத் தொடங்கியது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அந்த அரிசிமணிகள் களையும்போது மிதப்பதால் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து பொறுக்கி எறிபவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். எறிய வேண்டியதில்லை.

ஆனால் இந்த அட்டையைக் கொண்டு எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. எங்கள் நால்வர் குடும்பத்திற்குத் தலைக்கு அரை கிலோ வீதம் மாதம் இரண்டு கிலோ சீனி உண்டு, கிலோ 25 ரூபாய். துவரம்பருப்பு குடும்பத்திற்கு ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன; அப்பாவும் கட்டன்சாயாவைச் சீனி போடாமல் குடிக்கப் பழகிவிட்டார். சென்ற ஆண்டு ஒரு நாள் அம்மாவே கடையில் நின்று, சீனியை எடுத்துக்கொண்டு அதற்குப் பருப்பு தர முடியுமா என்று கேட்டார். “சீனி வேண்டாம்னா விட்டிருங்கம்மா, அதுக்குப் பதிலா பருப்பு கூடத் தர மெஷின்ல வழியில்ல” என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது உண்மை. ஒதுக்கீட்டை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அரிசியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் குடும்பத்திற்கு அரசு வைத்திருக்கும் மாற்று என்னவென்று அன்று வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் மனம் கனத்தது. அந்தக் குடும்பத்திற்குச் சர்க்கரை அட்டை வழங்கப்படுகிறது. விட்டுக்கொடுத்த அரிசிக்கு ஈடாகக் கூடுதலாக மூன்று கிலோ சீனி கிடைக்கும். பயறு கிடையாது, கடலை கிடையாது, கேழ்வரகும் கிடையாது.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு கோணத்தில் எழுந்திருக்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு உணவுக்கான பணத்தை அட்டையில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டு மது, புகையிலை, சூடாகச் சமைத்து விற்கும் உணவு, வைட்டமின் மாத்திரை ஆகியவற்றை வாங்க முடியாது என்பது பழைய விதி; குளிர்பானமும் மிட்டாயும் வாங்கத் தடையில்லாமல் இருந்தது. 2025 மே மாதம் நெப்ராஸ்கா மாநிலம் குளிர்பானத்தையும் ஊக்கபானத்தையும் அட்டையில் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்க முதல் அனுமதியைப் பெற்றது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பொதுப்பணம் நோயை வளர்க்கக் கூடாது என்பது தடையை ஆதரிப்பவர்களின் வாதம். ஏழை என்பதற்காக ஒருவரின் கூடையைப் பிறர் சோதிக்கலாமா என்பது எதிர்ப்பவர்களின் கேள்வி. எனக்கு இரண்டாம் தரப்பின் கவலை நன்றாகப் புரிகிறது. எங்கள் கடையிலும் நாளை யாரோ ஒருவர் சீனியை அடியோடு நிறுத்தினால், தோட்டத்திலும் கடலிலும் உழைத்துவிட்டு வந்து ஒரு டம்ளர் இனிப்புச் சாயா குடிப்பவரிடமிருந்து அதைப் பறித்ததாகவே ஆகும். ஆகவே நான் தடை கேட்கவில்லை. வேண்டாதவர் மாற்றிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதனால் அரசின் செலவு அதிகமாகாது என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். வெளியில் சீனி கிலோ சுமார் 45 ரூபாய் என்றால் இரண்டு கிலோவுக்கு அரசு தாங்கும் சுமை 40 ரூபாய். துவரம்பருப்பு வெளியில் 110 ரூபாய் விற்கும்போது அரை கிலோவுக்குத் தாங்கும் சுமையும் அதே 40 ரூபாய்தான். இரண்டு கிலோ சீனியை விட்டால் அரை கிலோ பருப்பு என்று ஒரு விருப்பத்தைச் சேர்ப்பது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அதற்கு வழி பிறந்தது போல இதற்கும் பிறக்கும்.

எண்ணெய் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு தென்னை நிற்கும் மாவட்டம் இது. அவியலுக்கும் மீன் குழம்புக்கும் தேங்காய் எண்ணெய் ஊற்றியே பழகியவர்கள் நாங்கள். எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இறக்குமதியாகும் பாமாயில். நியாயவிலைக் கடைகளில் தேங்காய் எண்ணெய் விற்க வேண்டும் என்று தென்னை விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். விலை வித்தியாசம் பெரிது என்பதால் முழு லிட்டர் கிடைக்காது என்பதை நானும் அறிவேன். கால் லிட்டர் கிடைத்தாலும் எங்கள் வீட்டில் அதையே எடுத்துக்கொள்வோம். அரிசியிலும் இதே நிலைதான். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கேரள ரேஷன் கடைகளில் சிவப்பு மட்ட அரிசி கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்க் கஞ்சிக்கும் பயறுக்கும் பொருந்துவது அந்த வகைதான். நம் அரிசியோ அதே சாலை வழியாக மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குக் கடத்தப்பட்டு அடிக்கடி பிடிபடுகிறது. வாங்கியவர் உண்ண விரும்பாத பொருள் வீட்டில் தங்குவதில்லை என்பதும் இந்தக் கடத்தலுக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடைக்கு வருபவர்களுக்கு இரண்டு செய்திகள். பருப்பும் பாமாயிலும் மாதத் தொடக்கத்தில் வருவதில்லை. பத்தாம் தேதிக்குப் பின் விசாரித்துக்கொண்டு போனால் இரண்டு நடை மிச்சமாகும். சீனி வேண்டாம் என்று விடுபவர்கள் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் சீனி வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எங்களுக்கு ஒரு முறை அப்படிப் பதிவாகியிருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுப்புச் சொல்லாமல் பில்லை ரத்து செய்து வேறு பில் போட்டுக் கொடுத்தார்கள். திருத்த மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.