டெஜாவு சான்ஸ்: ராசிக் குறிகளுக்கு ஏற்ற எழுத்துருவா?

மேற்கத்திய முறையில் ஜாதகச் சக்கரம் அச்சிட, ராசிக் குறிகளும் கிரகக் குறிகளும் ஒரே கையால் வரைந்தவை போல இருக்க வேண்டும். இலவச எழுத்துருக்களில் அதற்கு முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது டெஜாவு சான்ஸ். கோடுகள் ஒரே தடிமனில் இருக்கின்றன; தடித்த வடிவமும் உண்டு.

குறிகள் எல்லாம் யூனிகோடு (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் பொதுத் தரம்) எண்களிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சூரியன் 9737, ராகு 9738, கேது 9739, சந்திரன் 9789. புதனிலிருந்து புளூட்டோ வரை, நடுவில் பூமியும் சேர்த்து, 9791 முதல் 9799. அதை ஒட்டியே மேஷம் 9800, மீனம் 9811. நிரல் எழுதுவோருக்கு இந்த வரிசை பெரிய வசதி. கிரகத்தின் பாகையை 30ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் 9800உடன் கூட்டினால் ராசிக் குறி வந்துவிடும். 137 பாகை என்றால் 4. 9804 சிம்மம், அதில் 17 பாகை. வேர்டில் தட்டச்சு செய்ய, 9800இன் பதினாறடிமான வடிவமான 2648ஐ அடித்து ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

விங்டிங்ஸ் என்ற படக்குறி எழுத்துருவிலும் பன்னிரண்டு ராசிகள் உண்டு. ஆனால் அங்கே மேஷம் என்பது ^ விசைக்கு மாட்டிய படம்தான். வெறும் உரையாக ஒட்டினால் ^ மட்டுமே மிஞ்சும், தேடினாலும் கிடைக்காது. ஆவணத்தைப் பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இணையத்தில் வேறொரு சிக்கல். எழுத்துருவை ஒழுங்காகக் குறிப்பிட்டிருந்தாலும், கைபேசியில் ராசிகள் ஊதாப் பெட்டிக்குள் வெள்ளைக் குறியாக மாறிவிடும். இது எழுத்துருவின் குறை அல்ல. பன்னிரண்டு ராசிகளும் யூனிகோடில் இயல்பாகவே இமோஜியாகக் காட்டப்பட வேண்டியவை. சுக்கிரனும் செவ்வாயும் இமோஜிப் பட்டியலில் உண்டு, புதன் இல்லை. அதனால் ஒரே வரியில் சில குறி வண்ணமாகவும் சில கறுப்பாகவும் வரக்கூடும். ஒவ்வொரு குறிக்கும் பின்னால் 65038 என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்க்க வேண்டும்: ♈︎ என்று. கை தவறி 65039 போட்டால் வண்ணத்தைக் கேட்டு வாங்கியதாகிவிடும். இப்படிச் சேர்த்தபின் ஒரு ராசி இரண்டு எழுத்தாகக் கணக்காகும். தரவுத்தளத்தில் ஓரெழுத்து நீளம் வைத்திருந்தால் பின்னது வெட்டுப்பட்டு, பெட்டி திரும்ப வந்து நிற்கும்.

குறை என்றால், கடைசிப் பதிப்பான 2.37 வந்தது 2016இல். புளூட்டோவுக்கு பி, எல் எழுத்துகள் பின்னிய வடிவம்தான் கிடைக்கும். ஜோதிடர்கள் பலர் விரும்பும் வட்டமும் சிலுவையும் கொண்ட வடிவம் (11219), 2018இல் யூனிகோடு 11உடன் வந்தது, எரிஸ் என்ற குறுங்கோளின் குறியும் அப்போதுதான். இவை தேவையென்றால் புதிய எழுத்துரு ஒன்றைத் துணைக்கு வைத்தே ஆக வேண்டும். ஜாதகத்தில் கணக்கிட்டுக் குறிக்கும் அதிர்ஷ்டப் புள்ளிக்கு 2022இல் சேர்ந்த குறிக்கு (128884) இன்னொரு கவனமும் வேண்டும். அது நான்கு பைட் பிடிக்கும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளின் பழைய மூன்று பைட் அமைப்பில் சேமிக்க முடியாது.

தமிழ் எழுத்துகள் இதில் அறவே இல்லை. உரைக்குத் தமிழ் எழுத்துருவை முதலில் வைத்து, குறிகளுக்கு மட்டும் இதைத் தனியாகக் கொடுங்கள். வரி உயரத்தையும் நிலையாக வையுங்கள், இல்லையேல் குறி வரும் வரிகள் விலகி நிற்கும். அளவு 11 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். 8 புள்ளியில் கன்னிக்கும் விருச்சிகத்துக்கும் வால் மட்டுமே வித்தியாசம்; சாதாரண அச்சில் அது மை அப்பியதுபோல் ஆகிவிடும்.